பத்து லட்சத்து ஒன்று

நாள் 412, காலை 06:10
செவ்வாய்த் தளம். எழுதுவது பவளாயி, பயிர்க்கூடப் பொறுப்பு. காற்றழுத்தம் சரி. கீரை இரண்டு பாத்தி முளைவிட்டிருக்கிறது. மருமகன் பரிதிவேல் பம்பு அறைக்குப் போயிருக்கிறார். இங்கே நாங்கள் இருவர்தான். மூன்றாம் நாளிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சில்லை.

07:25
பம்பு அறையில் கசிவு. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அவர் உள்ளே. முகமூடிக் காற்று நாற்பது நிமிடம். மின்சாரம் போய்விட்டது, கதவுக்கும் ரேடியோவுக்கும் மட்டும் பேட்டரி.

காற்றுக் குறைந்து புத்தி கலங்கியவர் திறந்துவிடக் கூடாதென்று கதவு கணக்குக் கேட்கும். 10,00,001. எந்த இரண்டு எண்களின் பெருக்கல்? ஒன்றையும் அதே எண்ணையும் ஏற்காது. விடை போடும் பலகை வெளிப்பக்கம் மட்டும்தான்.

07:31
பூமியில் இருக்கும் மகள் செவ்வந்திக்குச் செய்தி அனுப்பினேன். போக இருபத்தொரு நிமிடம், வர இருபத்தொரு நிமிடம்.

07:40
ஒன்றில் முடிகிறது, இரண்டும் ஐந்தும் போகாது. மூன்றில் வகுத்தால் இரண்டு மிச்சம். ஏழில் இரண்டு. பதினொன்றில் இரண்டு. பதின்மூன்றிலும் அதே இரண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சுவரெல்லாம் கரிக்கோடு.

முகமூடிக்குள் அவர் பேசுவது வெளியே கேட்கவில்லை; உள்ளிருந்து தட்டுகிறார். ஒரு தட்டு. ஓர் ஆள் மூச்சு விடும் நேரம். இன்னொரு தட்டு. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி அதேதான். கையில் தெம்பில்லை போலும்.

07:52
பதினேழு: பத்து மிச்சம். முப்பத்தேழு: மறுபடியும் இரண்டு.

இந்த வினை என்னால் வந்தது. மூன்றாம் நாள் கதவுக்குக் கணக்கு வைத்தபோது முதலில் அவர் பத்து லட்சம்தான் வைத்திருந்தார். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கு, திற. நான்தான் விடவில்லை. “மொட்டையா முடிக்காதீங்க மாப்பிள்ளை. சாமிக்கு நூறு தேங்காயா உடைப்போம்? நூத்தியொண்ணுதானே? ஒண்ணு சேருங்க.” சேர்த்தார். சேர்த்துவிட்டுச் சிரித்தாரே ஒரு சிரிப்பு, அதற்குப் பிறகு சொன்னதை இப்போது நினைக்க மாட்டேன்.

08:01
ஐம்பத்து மூன்று, போகாது. தட்டு. இடைவெளி. தட்டு.

08:06
தட்டல் நின்றுவிட்டது.

08:07
நினைத்தேன். “உங்க நூத்தியொரு தேங்காயும் இதுக்குள்ளயே இருக்கு அத்தை, எண்ணிப் பாருங்க!” எண்ணத் தெரியாதவள் என்று நையாண்டி செய்ததாக நானூற்று ஒன்பது நாள் வைராக்கியம் வைத்திருந்தேன். விடையைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஒன்று. வெறும் இடம். ஒன்று. அதைத்தான் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

நூற்றியொன்றில் வகுத்தேன். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. மிச்சமில்லை.

08:10
திறந்தது. என் முகமூடியோடு போய் இழுத்து வந்தேன். கதவை மூடினேன். அவருடைய முகமூடி காலி. என்னுடையதை அவருக்கு மாட்டினேன்.

08:14
பூமியிலிருந்து: “அம்மா, நூத்தியொண்ணு போடும்மா! கதவுக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து அவர்கிட்ட ஏதாச்சும் பேசு. உன் குரல் கேட்டா தாங்கிப்பார். இப்பவாச்சும் பேசும்மா.”

08:20
பேசுகிறேன். மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று பேசிக்கொண்டே இருக்கிறேன். இப்போது அவர்தான் என்னோடு பேசவில்லை.