எனக்குக் கன்னடம் தெரியும் என்றதால் வந்த ரேஸ்

7.8.2006, திங்கள்
காலையில் தூறல். ஏ ஷிப்ட். முடிந்ததும் மகள் மீனாவின் ஸ்கூல். பி.டி. மிஸ் வரச் சொல்லியிருந்தார். அவர் வீட்டில் கன்னடம் என்று கேள்வி. விடுவேனா? கம்பெனியில் பழகிய கன்னடத்தை எடுத்து விட்டேன். அவரும் சந்தோஷமாக, "நிம்ம மகளு சென்னாகி ஓட்தாளே. கிருஷ்ணகிரிகெ களிஸ்தீரா?" கன்னடத்தில் 'ஓது' என்றால் படி. பிள்ளை நன்றாகப் படிக்கிறாள், ஏதோ பரீட்சை, அனுப்புவீர்களா என்கிறார். "களிஸ்தீனி, களிஸ்தீனி!" அனுப்பாமல்? வீட்டுக்கு அல்வாவோடு போனேன்.

மீனா விழுந்து விழுந்து சிரிப்பு. "அப்பா, அது படிக்கிறது இல்ல, ஓடுறது! எண்ணூறு மீட்டர் ரேஸ்!"
அவள் அம்மா லட்சுமி சிரிக்கவில்லை. "முட்டி வலிக்குதுன்னு தினம் அழுவுறா, இதுல ரேஸ் வேறயா? அனுப்பலேன்னு சொல்லிட்டு வாங்க."
மீனா அல்வாவை அப்படியே வைத்துவிட்டாள்.

9.8.2006, புதன்
மறுக்கக் கன்னடமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. டாக்டரிடம் போனோம், மூன்று பேரும். டாக்டர் முட்டியை மடக்கி, அமுக்கி, குதிக்கச் சொல்லிப் பார்த்தார். "வீக்கம் இல்ல. வளர்ற வயசும்மா, சாயங்காலமானா வலிக்கும். ஓடலாம். ஓடும்போது வலிச்சா நிறுத்திடணும். நல்லா சாப்பிடு, நல்லா தூங்கு." பிறகு என் தொப்பையைப் பார்த்து, "நீங்களும் கூட ஓடுங்க சார்."
லட்சுமி, "பாக்கலாம்."

13.8.2006, ஞாயிறு
மீனாவோடு ஓடினேன். அதாவது, அவள் ஓடினாள். வாக்கிங் வந்த ஒருவர் என்னைத் தாண்டிப் போகும்போது, "என்ன சார், பஸ்ஸ விட்டுட்டீங்களா?" இப்போது எனக்கு முட்டி வலி. தைலம்.
ஜூனில் வாங்கிய ஷூ அவளுக்கு விரலை இடிக்கிறது. புதுசு வேண்டும். முட்டை, வேர்க்கடலை.
லட்சுமி இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் மகள் தட்டில் களி இரண்டு உருண்டை. எனக்கு ஒன்று.

19.8.2006, சனி
லீவு. கிருஷ்ணகிரி பஸ். லட்சுமியும் வந்தாள். "முகத்தச் சுளிச்சான்னா பாதியிலயே கூட்டிட்டு வந்துருவேன், ஆமா."
நல்ல வெயில். கடைசி வளைவில் மீனா ரொம்பப் பின்னால். பக்கத்தில் பார்த்தால் லட்சுமியைக் காணோம். சேலையைச் செருகிக்கொண்டு கயிற்றோரமாக ஓடிக்கொண்டிருக்கிறாள். "விடாதடீ! விடாதடீ!"
நாலாவது. மெடல் இல்லை.
"முட்டி?" என்றேன்.
"மறந்தே போச்சுப்பா. பசிக்குது."
வேர்வையைத் துடைக்க லட்சுமி முந்தானையை எடுத்தாள். மகள் நெற்றிக்குக் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது.
"எப்போடீ இவ்வளவு வளந்தே... கொஞ்சம் குனிடீ."