கைப்பிடி மட்டும் என்னுடையது

செவ்வாய், இரவு.

மண்வெட்டியின் கைப்பிடி என்னுடையதுதான். என் பெயரைக் கம்பி காய்ச்சிச் சுட்டு வைத்திருக்கிறேன். இரும்புதான் என்னுடையதல்ல. என்னுடையது பழைய லோரி ஸ்ப்ரிங் பட்டையைப் பட்டறையில் காய்ச்சிக் கையால் அடித்தது. பதினைந்து வருடமாக வளையவில்லை. இப்போது மாட்டியிருப்பது பிரிஞ்சாங் டவுன் கடையில் தொங்கும் தகடு. இன்று கோஸ் பாத்தியில் நாலு கொத்துக்கே விளிம்பு மடங்கிவிட்டது.

போன வாரம் ஆப்பு ஆடுகிறதென்று பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணனிடம் கொடுத்தேன். மறுநாளே சரிசெய்து தந்தார். மழையால் இன்றுதான் வெளியே எடுத்தேன். சாயங்காலம் போய்க் கேட்டேன்.

"அண்ணே, இது என் இரும்பு மாதிரி தெரியலையே."

"உன் பேரு இருக்குல்ல. அப்புறம் என்ன லா சந்தேகம்?"

இரும்பில் பெயர் போடாதது என் முட்டாள்தனம். திரும்பி வந்து வேலிக்கு இந்தப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மண்வெட்டி ஏதோ கல்லில் பட்டது. கணீரென்று ஒரு சத்தம். கடைத் தகட்டில் அந்தச் சத்தம் வராது. நிமிர்ந்து பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அதற்குப் பிறகு இருட்டும்வரை அவர் வெறுங்கையாலேயே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.