ராமாமணியக்கா சாப்பிட்ட ரெண்டு இட்லி

நர்சிங் விடுதி,
கோயம்புத்தூர்,
8.7.2024

ஷ்ரவ்யாவுக்கு,

நலமா என்று விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. என் போனை வார்டன் பூட்டி வைத்திருக்கிறார். விசாரணை முடியும்வரை தரமாட்டாராம். என் அறையில் இருக்கும் குல்சுமுக்கு இந்த வாரம் உன் வார்டில்தான் டியூட்டி, அவளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த சூலூர் ராமாமணியக்கா இன்னும் ஐசியூவில் வாயில் செருகிய சுவாசக் குழாயோடு கிடக்கிறார். அன்று காலையில் கவுன் மாட்டிவிடும்போது என்னிடம் சொன்னார். "தல கிர்ருனு சுத்துச்சு கண்ணு. ரெண்டு இட்லி தின்னுபோட்டேன்."

"டாக்டர் கேட்டப்ப ஏனுங்கக்கா சொல்லல?" என்றேன்.

"அத்தன பேரோட வந்து நின்னு, 'பட்டினிதானே?'ங்கறாரு. ஆமாங்கன்னுட்டேன். அவ்வளவு பெரிய மனுசரு மூஞ்சிக்கு நேரா இல்லீங்கன்னு எப்படிச் சொல்றது?"

வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று மூன்றாம் வருஷ நர்சிங் மாணவி எனக்கே தெரியும். ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் வரதராஜுலு சாரிடம் நாங்கள் நேராகப் பேசக்கூடாது. அதனால் அவருக்குக் கீழே ஹவுஸ் சர்ஜனாக நிற்கிற உன்னிடம் ஓடிவந்து, தியேட்டர் வாசலில் மூச்சு வாங்கச் சொன்னேன். "சரிடி, நான் சார்கிட்ட சொல்லிர்றேன்" என்றாய். சொன்னாயா?

சனிக்கிழமை விசாரணை. உன்னிடம் சொன்னேன் என்றால் யாரும் நம்பவில்லை; இட்லி விஷயம் தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை என்று மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். பள்ளிக்கூடம் முடிந்து நான் இரண்டு வருஷம் எங்கள் கடையில் நின்றுவிட்டுத்தான் நர்சிங் சேர்ந்தேன் என்றாலும், ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நீ. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

மிஸ்பா

*

10.7.2024, புதன்

அன்புள்ள மிஸ்பா,

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நீ என்னிடம் சொன்னது உண்மை. நான் சாரிடம் சொல்லாததும் உண்மை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரவுண்ட்ஸில் ஒரு ரத்தப் பரிசோதனையைப் பற்றி வாய் திறந்தேன். "உன்னைக் கேட்டனா?" என்று கேஸ் ஷீட்டை என் காலடியில் வீசினார். வார்டே பார்க்கக் குனிந்து பொறுக்கினேன். மறுநாள் தியேட்டரில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "சார்" என்றேன். திரும்பினார். "ஒண்ணுமில்லீங்க சார்" என்றேன். கேஸ் ஷீட்டில் 'பட்டினி' என்று அதற்கு முன்பே நான் எழுதியிருந்தேன். மயக்க டாக்டர் அதை நம்பினார். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆனால் யோசித்துப் பார். எனக்குப் பயிற்சி முடிய இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நான் டாக்டரே இல்லை. மாணவி என்றால் ஒரு மன்னிப்போடு விட்டுவிடுவார்கள். நாலு வரிதானே, எழுதிக் கொடுத்துவிடேன்? ராமாமணியக்கா இன்று கண் விழித்தார், அது ஒரு நிம்மதி. நீ ஒழுங்காகச் சாப்பிடு.

உன் ஷ்ரவ்யா

*

11.7.2024

ஷ்ரவ்யா,

நாலு வரியாம்! அந்த நாலு வரி ஆயுசுக்கும் என் ஃபைலில் இருக்கும். நோயாளியைச் சாகவிடப் பார்த்தவளுக்கு எந்த ஆஸ்பத்திரி வேலை கொடுக்கும், நீயே சொல்.

நேற்று அத்தாவை வரச் சொன்னார்கள். உக்கடத்தில் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்த மனுஷனை உட்காரக்கூடச் சொல்லாமல் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். "எம்புள்ள தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுருங்க" என்று அத்தா கும்பிட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் அம்மாவை யாராவது கூப்பிட்டு அப்படி நிறுத்தினார்களா?

நீ பயந்தது எனக்குப் புரிகிறது. அந்த ஆளைப் பார்த்தால் யாருக்கும்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் நீ பயந்ததற்கு என் தலையை ஏன் நீட்டுகிறாய்?

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வா. 'மிஸ்பா என்னிடம் சொன்னாள்.' மூன்றே வார்த்தை. அதைச் சொல்லிவிட்டுப் போ, வேறு ஒன்றும் கேட்கமாட்டேன். முன்னைப் போலவே இருப்போம், சத்தியமாக.

மிஸ்பா

*

13.7.2024, சனி

ஷ்ரவ்யா,

நீ வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வெட்கங்கெட்டவள் நான்.

எங்கள் பிரின்சிபால் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "பெரிய டாக்டர் அனுப்பியிருக்காரும்மா. இதப் பாத்து அப்படியே உன் கைப்பட எழுதிக் குடுத்துரு" என்றார். 'நோயாளி உணவு உண்டதை அறிந்தும் எவருக்கும் தெரிவிக்காத எனது அலட்சியத்திற்கு' என்று தொடங்கியிருந்தது. அதற்குமேல் ஒரு எழுத்தும் என் கண்ணில் ஏறவில்லை.

எழுத்து உன்னுடையது. ஏழு வருஷம் என் நோட்டுக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுத்தவளின் எழுத்து எனக்குத் தெரியாதா? சார் எழுதச் சொன்னார், நீ உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டாய். பயத்தில் வாயடைத்துப்போனாய் என்றால் மன்னிக்கலாம். என் வாயால் சொல்லவேண்டிய பொய்யையும் நீயே எழுதித் தருவாயா? உனக்கு மனசு எப்படியடி வந்தது?

உன் புதன்கிழமைக் கடிதம் என் பையில் இருந்தது. எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிரின்சிபால் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். இருக்கட்டுங்க மேடம் என்றேன்.

திங்கட்கிழமை உன்னைக் கூப்பிடுவார்கள். அங்கேயாவது கேட்ட கேள்விக்குப் பதில் சொல். எனக்கு இனி எழுதாதே. நீ கொடுத்தால் குல்சும் வாங்கமாட்டாள், சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ப. மிஸ்பா,
நர்சிங் மூன்றாம் ஆண்டு