ராஜகோபுரத்துக்கு மேலே அருந்ததி

என் ஆத்துக்காரருக்கு அநேக நமஸ்காரம். கப்பலில் நான் சௌக்கியம். ஸ்ரீரங்கத்தில் நீங்களும் உங்கள் அம்மாவும் சௌக்கியந்தானே? அம்மாவின் மூட்டுவலித் தைலம் தீர்ந்திருந்தால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிவிடுங்கள்.

நேற்று மேல்தளத்தில் விளக்கணைத்துப் பயணிகளுக்கு நட்சத்திரம் காட்டினார்கள். ரிசப்ஷனில் நிற்கிற எனக்கும் பைனாகுலர் கிடைத்தது. சப்தரிஷிகளில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததியை முதல்முறையாகப் பார்த்தேன். காட்டியவர் ஒரு இத்தாலியக் கிழவர். பயப்படாதீர்கள், கையைப் பிடிக்கவில்லை.

நம் கல்யாணத்தன்று உத்திர வீதி மண்டப வாசலில், பட்டப்பகலில், ராஜகோபுரத்துக்கு மேலே விரலை நீட்டி, "அருந்ததி தெரியறதா?" என்று கேட்டீர்கள். ஒன்றும் தெரியாமலே "தெரியறது" என்றேன்.

போன வாரம் போனில், "வேலைய விட்டுட்டு வா, இனிமே நான் வழி காட்டறேன்" என்றீர்கள். யோசித்தேன். ராஜகோபுரம் தெற்கே இருக்கிறது. அருந்ததி வடக்கே. இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உப்புக் காற்றில் என் தாலிச் சரடு இற்றுவிட்டது, சேஃப்டி பின் போட்டிருக்கிறேன். புதுச் சரடு ஒன்று அனுப்புங்கள். மஞ்சள் வாசனை போகாமல் பொட்டலத்தை இறுக்கிக் கட்டுங்கள். டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். விலாசத்தை மட்டும் உங்கள் அம்மாவை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதினால் வேறு கப்பலுக்குப் போய்விடும்.

வைதேஹி