நான் எழுதிய இரண்டு வரிகள்

இன்று காலை வங்கியில் ஐந்து கவுன்ட்டரும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சத்தம் போட, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "இதுக்குள்ள ஒண்ணுமே இல்லங்கய்யா, எல்லாம் அங்குட்டு சர்வர்ல இருந்துதான் வருது" என்று கையளவு கறுப்புப் பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டினாள். வரிசையே முணுமுணுத்தது. எனக்கு நம் பழைய இருபது கணினிகள் ஞாபகம் வந்தன. வந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகப் போகிறது என்பது தெரியாமல் இல்லை.

நாம் வேலை பார்த்த அந்தக் கணினிப் பயிற்சி மையத்துக்கு ஒரு பெரிய வீட்டின் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தேக்குத் தூண்களுக்கு நடுவே பிளைவுட் தடுப்பு, உறுமிக்கொண்டே இருக்கும் ஓர் ஏ.சி., இருபது கணினிகள். ஒன்றிலும் ஹார்டு டிஸ்க் கிடையாது. ஃப்ளாப்பி செருகும் வாய்கூடக் கிடையாது. பிள்ளைகள் வைரஸைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்ற பயம் நிர்வாகிக்கு. சுவிட்சைப் போட்டால் ஒவ்வொன்றும் கம்பி வழியே மூலையிலிருந்த சர்வரைக் கேட்டுத்தான் கண் விழிக்கும். திரையில் என்ன வரவேண்டும், அச்சு எந்த பிரிண்டருக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் சர்வரில் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. அதில் ஒரு வரியை மாற்றினால் இருபதும் மாறிவிடும்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் சேர்ந்தோம். நீ பொறுப்பாளர், நான் உதவியாளர். வயது ஒன்றுதான், நிதானம் முழுக்க உன் பக்கம் போய்விட்டது. அந்தக் கோப்பைத் தொடுவதற்கு நீ ஒரு முறை வைத்திருந்தாய். எதை மாற்றினாலும் முதலில் சுவரோர மெஷினில், ஒரு மாணவியின் பெயரில் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். நம் பெயரில் பார்த்தால் போதாதா என்று நான் அலுத்துக்கொள்வேன்.

"நமக்குத்தான் எல்லாக் கதவும் தொறக்குமேடி, அவசரக் குடுக்கை. அதுகளுக்கு என்ன ஆகுதுன்னு பாக்க வேணாமா?" என்பாய்.

அன்று உன் அண்ணன் மகளுக்குச் சர்ச்சில் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். நீ விடுப்பில் சாக்கோட்டைக்குப் போயிருந்தாய். சர்வரில் இடம் நிரம்பிவிட்டது என்று காலையிலிருந்தே எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. உன் கடவுச்சொல் எனக்குத் தெரியும். ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தி பார்க்க வேண்டும் என்று நாமே செய்துகொண்ட ஏற்பாடு அது. உன் பெயரில் நுழைந்து, நான் அந்தக் கோப்பைத் திறந்து இரண்டு வரிகள் சேர்த்தேன். உள்ளே நுழைந்ததும் தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் இடத்துக்குப் போ என்பது முதல் வரி. கேள்வி கேட்காமல் அங்கே உள்ளதை எல்லாம் அழித்துவிடு என்பது இரண்டாவது. என் பெயரில் நுழைந்து பார்த்தேன், சுத்தமாக வேலை செய்தது. அன்று சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். சுவரோர மெஷினுக்குப் போகாமலே கோட்டையூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அந்தத் தற்காலிக இடம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் இருந்தது, மாணவிகளுக்கு இல்லை. முதல் வரி போக இடமில்லாமல் நின்ற இடத்திலேயே நிற்க, இரண்டாம் வரி அந்த இடத்தை அழித்தது. அது அவரவர் பாடவேலை இருந்த இடம். மறுநாள் காலை இருபது பேரும் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள். "மிஸ், என் ஃபைலக் காணோம் மிஸ்" என்று முதலில் ஒரு குரல், அப்புறம் கூடம் முழுக்க. நான்கு மாத வேலை. அந்த வாரம் ஒப்படைக்க வேண்டியது.

விடுப்பு முடிந்து வந்திருந்த நீ யாரையும் திட்டவில்லை. எல்லாரையும் கீபோர்டிலிருந்து கையை எடுக்கச் சொன்னாய். அழித்ததைச் சர்வர் உடனே தூக்கி எறியாது, கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்திருக்கும் என்று உனக்குத் தெரியும். சாப்பிடாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மீட்டாய். பதினான்கு பேருடையது வந்தது. இடம் போதாமல் சர்வர் மீதியின் மேல் வேறு எதையோ எழுதிவிட்டிருந்தது. ஐந்து பேர் அழுதுகொண்டே மறுபடி அடித்தார்கள். கண்டரமாணிக்கத்திலிருந்து வந்த பெண் மட்டும் அடுத்த வாரத்திலிருந்து வரவே இல்லை. படிப்பை நிறுத்த அவள் வீட்டில் ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்தார்கள்.

நிர்வாகி வந்தார். கோப்பு கடைசியாக உன் பெயரில் மாற்றப்பட்டது என்று சர்வர் காட்டியது.

"நீங்க நேத்து லீவுல இருந்தீகளேம்மா?"

நான் வாயைத் திறந்தேன். நீ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாய்.

"நேத்து மத்தியானம் ஒரு எட்டு வந்து எழுதிட்டுப் போனேன் சார். சோதிச்சுப் பாக்காமப் போட்டது என் தப்பு."

அவர் போனதும், "நேத்துத்தான் ஒன்னயப் பாத்துட்டுப் போயிருக்காக. வேலை பாக்குற பொண்ணுதான் வேணும்னு கேட்டவுக. பேசாம இரு" என்றாய். நான் பேசாமல் இருந்தேன். அதுதான் நான் செய்தது. உன்னை முன்வாசல் மேசையில் விண்ணப்பம் எழுத உட்கார வைத்தார்கள். உன் நாற்காலி எனக்கு வந்தது. இரண்டு மாதத்தில் திருச்சியில் ஒரு பள்ளிக்கூட அலுவலக வேலைக்குப் போய்விட்டாய். அப்புறம் நீ சர்வர் பக்கமே போகவில்லை. அந்த வேலைக்கென்றே பிறந்தவள் நீ. என் கல்யாணத்துக்கு வந்து சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனாய். எனக்குத்தான் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு எத்தனையோ முறை பேசினோம், அதைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. நான் ஆரம்பித்தால் நீ பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாய். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குச் சாக்கோட்டை வந்திருந்தேன். பூசை முடிந்து உன் மகள் எனக்குக் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் பெங்களூரில் நாம் பார்த்த அதே சர்வர் வேலைதான் பார்க்கிறாளாம்.

"நான் வேலைக்குச் சேந்தன்னைக்கு அம்மா சொன்னாக சித்தி. ஒரு தடவ அசட்டையா ரெண்டு வரி எழுதிட்டேன், ஒரு பிள்ளைக்குப் படிப்பே போச்சு, அத நெனச்சா இன்னைக்கும் தூக்கம் வராதுன்னு. அந்தப் பிள்ளையத் தேடிக் கண்டரமாணிக்கத்துக்குக்கூடப் போயிருக்காக. வீட்டுக்காரங்க உள்ளயே விடலையாம்."

நீ போனாய். நான் போகவில்லை. அது எனக்கு அன்றுதான் தெரியும். காப்பியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெண் பார்க்க வந்தது, கடவுச்சொல், நீ காலை மிதித்தது, நாற்காலி, ஒன்று விடவில்லை.  உன் மகள் அழுதாள். அழுதுகொண்டே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா மேல எம்புட்டுப் பாசம் சித்தி ஒங்களுக்கு. செத்தவுக மேல ஒரு பழி நிக்கக் கூடாதுன்னு ஒங்க மேல தூக்கிப் போட்டுக்கிறீக. வேணாம் சித்தி. எங்கம்மா பொய் சொல்ல மாட்டாக."

 அந்த இரண்டு வரிகளை எழுதியது நான் என்று என்னைத் தவிரத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். இப்போது நான் ஒருத்திதான்.