ரத்தம் போகும் இடம்

மார்ச் 14

இரண்டாவது பீரியடில் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது. இந்த ஹூலி ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். இந்த மலை உயரத்தில் வெளியூர்க்காரர்களுக்கு மூச்சிரைக்கும், எனக்கென்ன?

சந்தையில் கிழங்கு விற்கும் பாஸ்குவாலா என்னைப் பார்த்து, "அடியே எவாரிஸ்தா, எப்ப வந்தே?" என்றாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். எவாரிஸ்தா என் அக்கா, செத்து இரண்டு வருடம் ஆகிறது.

மார்ச் 15

கண்ணாடியில் பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை.

மார்ச் 22

கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள உப்புப் போட்டுக் கரைக்கிற களிமண் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. நான் அதைக் கிழங்கே இல்லாமல், கட்டியாகக் கடித்துத் தின்கிறேன். பள்ளிக்கூடப் பையில்கூட ஒரு துண்டு கிடக்கிறது.

என் கணவர் ரூஃபினோ பார்த்துவிட்டார். "என்னடி, மாசமா இருக்கியா? இந்த வயசுலயா?" என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. அக்காவும் கடைசி வருடம் இப்படித்தான் தின்றாள். அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

ஏப்ரல் 3

ஹீமோகுளோபின் 11.9. லேப்காரர், "துளிதான் கம்மி டீச்சர். டானிக் குடிங்க, சரியாயிடும்" என்றார்.

அக்காவுக்கும் டானிக்தான் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 5

படுத்தால் வலது காதுக்குள் தப், தப் என்று ஒரு சத்தம். "காதுக்குள்ள யாரோ வெறுங்காலோட நடக்குறாங்கடி" என்று அக்கா சொல்வாள். நான் கேலி செய்திருக்கிறேன். இப்போது நடப்பது யார்?

ஏப்ரல் 9

சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் கயேகோஸிடம் போனேன். சின்ன வயசு, பெரிய குரல்.

"இந்த 11.9ஐ அப்படியே எடுத்துக்கக் கூடாது டீச்சர். இங்க காத்து மெலிசு. அதுக்கு ஈடு கொடுக்க உடம்பு ரத்தத்தைக் கூடுதலா வச்சிருக்கும். கடற்கரைக்காரங்க கணக்குக்குக் கொண்டுவர, நாம மூணு கிட்ட கழிக்கணும். கழிச்சுச் சொல்லுங்க, நீங்கதான கணக்கு டீச்சர்?"

ஒன்பதுகூட வரவில்லை.

ஏப்ரல் 16

ஃபெரிட்டின் 5. உடம்பு இரும்பைச் சேர்த்து வைக்கிற கிடங்கு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் அளவாம் அது. என் கிடங்கு காலி. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கிற புரதம் நிறைய இருக்கிறது, சுமக்கத்தான் சரக்கில்லை. சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிப் போயிருக்கின்றன.

"முதல்ல கிடங்கு காலியாகும். அப்புறம்தான் ஹீமோகுளோபின் இறங்கும். இது நேத்து இன்னிக்கு ஆரம்பிச்சதில்லை" என்றார் டாக்டர்.

இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு விழுங்க வேண்டும். தேநீர், காப்பி, களிமண் எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. இரும்பை உடம்பில் சேரவிடாதாம்.

ஏப்ரல் 30

மலம் கறுப்பு. மாத்திரை அப்படித்தான் செய்யுமாம். வயிறு பிரட்டுகிறது. விழுங்குகிறேன்.

ஜூன் 18

எங்களுக்கு இது குளிர்காலம், வெளியே உறைபனி. மறுபடி பரிசோதனை. ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 6. இத்தனை மாத்திரைக்கு இவ்வளவுதான்.

"நீ ஒழுங்கா முழுங்கியிருக்க மாட்ட" என்றார் ரூஃபினோ. முழுங்கினேன்! குமட்டக் குமட்ட முழுங்கினேன். இதை யார்கிட்ட போய் நிரூபிக்கிறது?

டாக்டர் நம்பினார். "போடுற இரும்பு தங்கலன்னா ரத்தம் எங்கயோ போகுதுன்னு அர்த்தம். எங்கன்னு கண்டுபிடிக்கணும்." மாதவிலக்கு அதிகமில்லை. குடலில் புழு இல்லை. ஆனால் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தது.

"வீட்டுல வேற யாருக்காவது சோகை இருந்துச்சா?"

அக்காவைப் பற்றிச் சொன்னேன். நாற்பத்து நான்கு வயதில் போனாள், இதயம் பலவீனம் என்றார்கள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

ஜூன் 19

கண்ணை மூடினால் அக்கா எனக்கு முன்னால் நடக்கிறாள். திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறாள். பயமா இருக்குக்கா.

ஜூலை 8, அரேகிப்பா

பெரிய ஆஸ்பத்திரியில் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் வலப்பக்கம் ஒரு கட்டி. வலி இல்லை, அடையாளம் இல்லை. இருந்த இடத்திலிருந்தே சொட்டுச் சொட்டாகக் குடித்திருக்கிறது. புற்றுதான்.

ஜூலை 21

எடுத்துவிட்டார்கள். பரவவில்லை. ரூஃபினோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முழுங்கலன்னு சொன்னேனே உன்னை" என்று அழுதார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. இரும்பை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். காப்பி நிறத்தில் இருக்கிறது.

செப்டம்பர் 2

ஐம்பது ஆகுமுன்பே எனக்கு வந்திருக்கிறது, அக்காவுக்கும் வந்திருக்கலாம். அப்படியானால் இது குடும்பத்தில் ஓடுவதாக இருக்கலாம், மரிலூஸையும் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். அக்காவின் ஒரே மகள். புனோவில் டாக்ஸி ஓட்டுகிறாள். போன் செய்தேன்.

"சித்தி, என் ஹீமோகுளோபின் பதினாறு. எருமை மாதிரி இருக்கேன்."

"உன் அம்மாவும் அப்படித்தான் இருந்தா."

போனை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 5

மரிலூஸ் இன்னும் என் போனை எடுக்கவில்லை. நான் பெற்ற பிள்ளையாக இருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

நவம்பர் 12

போன வாரம் அவளாகவே வாசலில் வந்து நின்றாள். "குழாய் விடுறதுக்கு முன்னாடி குடலைக் கழுவுற அந்தக் கண்றாவி மருந்தை எப்படிக் குடிக்கணும், சொல்லித் தொலை" என்றாள். இன்று அரேகிப்பாவில் பார்த்தாயிற்று. குடலில் இரண்டு சின்ன முளைகள். அங்கேயே எடுத்துவிட்டார்கள். இன்னும் கெட்டதாக மாறவில்லையாம். வருடா வருடம் வந்து காட்ட வேண்டும்.

பேருந்து நிலையத்தில் இரண்டு சீட்டு வாங்கி வந்தாள். பிறகு, "அம்மாவை யாருமே இப்படிப் பாக்கலையா சித்தி?" என்றாள்.

"இல்லடி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பையையும் சேர்த்துத் தூக்கினாள். "அடுத்த வருஷம் என் வண்டியிலயே வரலாம். நீ முன்னாடி உக்காரு. ஆனா எப்படி ஓட்டணும்னு மட்டும் சொல்லித் தராதே."