போர்த்தோவிலிருந்து ஒரு புட்டி

வோலோஸ்,
செப்டம்பர் 20

அன்பு மகள் ரினியோவுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர மற்றபடி நான் சுகம். மெல்போர்னில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்பதை மட்டும் நம்பவில்லை.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைத் தனாசிஸ் சித்தப்பா அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். போர்த்தோவில் மூன்று நாள், செவில்லாவில் மூன்று, நேப்பிள்ஸில் நான்கு, கடைசியாக சனிக்கிழமை நம் வோலோஸ். பார்த்ததும் தெரிந்துவிட்டது. இது உன் அப்பா போட்ட வழியல்லவா. துறைமுகக் கடையில் சமையல் முடிந்ததும், மேஜைமேல் விரிக்கிற காகிதத்தில் எண்ணெய்க் கறையைச் சுற்றிச் சுற்றி எழுதுவாரே, எந்த ஊரில் எந்த மீன், எந்தத் தேவாலயம், எங்கே பாட்டு என்று, அதை நீ எப்போது எடுத்துப் போனாய்? முப்பது வருஷம் நான் கேலி செய்த காகிதம். ஒரு ஊருக்கும் போகவில்லை மனிதர். "போர்த்தோவுல அந்த ஊரு ஒயின ஒரு வாய் குடிச்சிட்டா போதும் ஸ்டமாட்டியா, அப்புறம் உன் பேச்சையே கேக்கறேன்" என்பார். குடிக்கவும் இல்லை, என் பேச்சைக் கேட்கவும் இல்லை.

மூன்று நாளாக இந்த வரிக்கு வந்து வந்து பேனாவை வைத்துவிடுகிறேன். அப்பாவை அடக்கம் செய்து மூன்று வருஷம் ஆகிறது, குழிக்கு நாம் வாடகை கட்டிய கெடு முடிகிறது. குழியைத் திறந்து எலும்பை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கல்லறைத் தோட்டத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது, அக்டோபர் பதினேழு, வியாழன் காலை ஒன்பது மணி. தள்ளிப்போடக் கேட்டேன், அந்த இடத்துக்கு ஆள் காத்திருக்கிறார்களாம். நீ அன்றைக்கு நேப்பிள்ஸில் இருக்கிறாய், உன் திட்டத்தில் அந்த நேரத்துக்கு மீன் சந்தை என்று போட்டிருக்கிறது. சித்தப்பா, "புள்ள நிம்மதியா ஊர் சுத்தட்டும் அண்ணி, நான் கூட நிக்கறேன்" என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அடக்கத்தன்று நீ வந்து சேர்வதற்குள் மூடிவிட்டோம், உனக்குக் கிடைத்தது மண்தான். எனக்குப் பயமாக இருக்கிறது ரினியோ. உடம்பு இன்னும் கரையாமல் இருந்தால் மறுபடி மூடிவிடுவார்கள், பக்கத்து வீட்டு அர்கிரோவின் கணவருக்கு அப்படித்தான் ஆயிற்று. கரைந்திருந்தாலும், முதலில் எடுத்துக் கொடுக்கிற அந்தத் தலையை நான் ஒருத்தியாக எப்படிக் கையில் வாங்குவேன்.

மிச்ச நேப்பிள்ஸை விட்டுவிடு, பீட்சா எங்கேயும் ஓடிப்போகாது. புதன் சாயங்காலமே வந்துவிடு. கறுப்பு உடை இங்கே இருக்கிறது, வாங்காதே. கூட்டத்தில் பையை முன்பக்கமாகப் போட்டுக்கொள். மாதா உனக்கு வழித்துணையாக இருக்கட்டும், நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. போர்த்தோவில் ஒரு புட்டி சிவப்பு ஒயின் வாங்கு. துணிக்குள் சுற்றிப் பெரிய பெட்டியில் வை, கையில் கொண்டுவந்தால் விமானத்தில் விடமாட்டார்கள். எலும்பைக் கழுவ இந்த ஊர் ஒயினே போதும் என்கிறார் பாதிரியார். எனக்குப் போதாது. நாம் இரண்டு பேரும் அதை ஊற்றித்தான் அவரைக் கழுவ வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா
ஸ்டமாட்டியா